வாயில்

கவிதையில் வருகிற 'நான்' யார் என்கிற சர்ச்சை நம்மிடையே சலிக்காமல் நடந்துவருகிறது. கவிஞனா, அவன் போட்டுக்கொண்ட வேஷமா, வெறும் இலக்கண சௌகர்யமா என்று. இந்தச் சர்ச்சையில் நான் பெரும்பாலும் வாய் திறப்பதில்லை. அந்தச் சொல் எனக்குக் கைவந்தது கவிதையில் அல்ல. திருவிடைமருதூரில், 1974லும் 75ன் தொடக்கத்திலும், தபாலாபீஸ் திண்ணையில் உட்கார்ந்து பிறருக்காக எழுதிக் கொடுத்த காதல் கடிதங்களில். சுமார் நாற்பது இருக்கும். ஒன்றில்கூட 'நான்' என்பது நான் இல்லை. இதை இத்தனை வருஷம் எழுதாமல் இருந்ததற்குக் கூச்சம் மட்டும் காரணம் இல்லை.

கும்பகோணம் அரசுக் கல்லூரியில் பி.ஏ. முடித்துவிட்டு, எம்ப்ளாய்மெண்ட் எக்ஸ்சேஞ்சில் பெயரைப் பதிந்துகொண்டு, ஊரில் சும்மா இருந்த காலம். தினமும் பத்தரை மணிக்குத் தபாலாபீஸுக்குப் போவேன். எனக்கு வரக்கூடிய தபால் சிறுபத்திரிகைகள்தான். மாத இதழ் என்று அட்டையில் போட்டுக்கொண்டு மூன்று மாதத்துக்கு ஒரு தடவை வருபவை. வராத நாட்களில் உடனே வீடு திரும்பினால் அப்பா முகத்தைப் பார்க்க வேண்டும் என்பதால் திண்ணையிலேயே உட்கார்ந்துவிடுவேன். சட்டைப் பையில் பேனா இருந்தது. பேனாவோடு சும்மா உட்கார்ந்திருக்கிறவனிடம் முதலில் மணியார்டர் பாரத்தைப் பூர்த்தி செய்யக் கொடுப்பார்கள். பிறகு, பாரத்தின் அடியில் சேதி எழுத விட்டிருக்கிற சின்ன இடத்தில் 'ரெண்டு வார்த்தை எழுதுங்க தம்பி' என்பார்கள். அந்த ரெண்டு வார்த்தையில் ஆரம்பித்தது.

ஊரில் கோர்ட் உண்டு. கோர்ட் வாசலில் மனு எழுதுகிற பெரியவர் ஒருவர் இருந்தார். கடிதம் எழுத வேண்டியவர்களும் அவரிடம்தான் போவார்கள். மேலே பிள்ளையார் சுழி. 'இவ்விடம் யாவரும் க்ஷேமம், அவ்விடம் க்ஷேமத்துக்கு எழுதவும்'. பிறகு குத்தகை பாக்கி, சாவு, சீமந்தம். எதையும் அந்தச் சட்டத்துக்குள் அடக்கிவிடுவார். ஒரு நாள் திருபுவனத்துத் தறிக்காரப் பையன் ஒருவனை என்னிடம் அழைத்து வந்து விட்டார். 'இது நம்ம சரக்கு இல்லை. காலேஜ் படிச்சவன், நீ எழுது' என்றார். வெற்றிலையை மடித்துக்கொண்டே, போகிற போக்கில், 'ஒண்ணு மட்டும் மனசுல வச்சுக்க. எழுதினதைத் திரும்ப வாசிச்சுக் காட்டாம கையெழுத்து வாங்காதே' என்று சொல்லிவிட்டுப் போனார். தொழில் தர்மம் என்று அவர் எனக்குச் சொன்னது இது ஒன்றுதான். ஆறு மாதம் அதை மீறாமல் இருந்தேன்.

வந்தவர்கள் பலதரம். தறியில் உட்காரும் பையன்கள். ஒரு பஸ் கிளீனர். அரிசி மில்லில் கணக்கு எழுதுகிறவர், மனைவியைப் பறிகொடுத்தவர். பினாங்குக்குப் போய்ப் பதினோரு வருஷமாகத் திரும்பாத புருஷனுக்கு எழுதுகிற ஒரு அம்மாள். கடிதத்துக்கு நாலணா வாங்கினேன். இன்லண்டு அவர்கள் செலவு. 1950ல் தபால் இலாகா கொண்டுவந்த அந்த நீலக் காகிதத்தைப் பற்றி யாராவது ஒரு கட்டுரை எழுத வேண்டும். கார்டில் எழுதினால் தபால்காரர் முதல் எதிர்வீடு வரை படிக்கும். கவருக்குக் காசு அதிகம். அந்தரங்கம் என்று ஒன்று ஏழைக்கும் சாத்தியம் என்று ஆக்கியது, மடித்து ஒட்டுகிற இந்தக் காகிதம்தான். கூடவே அளவையும் விதித்துவிட்டது. இத்தனை வரிக்குள் சொல்லி முடித்தாக வேண்டும். வெண்பாவுக்கு நாலடி மாதிரி.

அப்போது எனக்கு விளங்காமல் பிறகு உறைத்த விஷயம் ஒன்று உண்டு. வந்தவர்களில் எழுதவே தெரியாதவர்கள் மூன்று பேர்தான். மற்றவர்கள் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள். மில் கணக்கரின் கையெழுத்து என்னுடையதைவிட அழகு. அவர்களுக்கு இல்லாதது எழுத்தறிவு இல்லை. தங்கள் பாஷைக்குக் காதலைச் சொல்கிற யோக்யதை கிடையாது என்று அவர்கள் நம்பினார்கள். காதலுக்கென்று வேறு ஒரு பாஷை எங்கோ இருக்கிறது, சினிமாவில் பேசுகிறார்கள், தொடர்கதையில் எழுதுகிறார்கள், படித்தவன் கையில் அது இருக்கும் என்கிற எண்ணம். எண்ணெய்ச் செக்குக்கு எள் கொண்டுவருகிற மாதிரி மனதைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார்கள். நான் ஆட்டிக் கொடுத்தது எண்ணெய் என்றுதான் அவர்களும் நினைத்தார்கள், நானும் நினைத்தேன்.

என் கைவசம் இருந்தது கொஞ்சம் சங்கப் பாட்டு, கொஞ்சம் மேடைத் தமிழ், கொஞ்சம் புதுக்கவிதை. அந்தக் கலவையில் ஆளுக்குத் தகுந்தபடி விகிதத்தை மாற்றுவேன். கிளீனருக்கு மேடை அதிகம். மில்காரருக்குச் சங்கம். எவருக்கும் எழுதாத என் கவிதைகளைப் புகுத்துவதற்கு இது ஒரு இடமாகவும் இருந்தது. பத்திரிகைகள் திருப்பி அனுப்பிய படிமங்கள் பல ஆடுதுறைக்கும் குத்தாலத்துக்கும் இன்லண்டில் போய்ச் சேர்ந்திருக்கின்றன.

அந்த ஆடி மாதத்தில்தான் அவர் வந்தார். தவசிப்பிள்ளை. கல்யாணங்களுக்குச் சமைக்கிறவர். நாற்பத்து மூன்று வயது, கல்யாணம் ஆகவில்லை. ஊரார் கல்யாணத்தையெல்லாம் சமைத்துப் போட்டவருக்கு ஏன் ஆகவில்லை என்று கேட்டால் 'அடுப்படியிலேயே நின்னுட்டேன் தம்பி' என்பார். தாய் தகப்பன் இல்லை, பேசி முடிக்கப் பெரியவர்கள் இல்லை. ஆடியில் கல்யாணம் கிடையாது, அவருக்கு வேலையும் கிடையாது. வேலை இல்லாத மாதத்தில்தான் மனிதனுக்குத் தனிமை தெரிகிறது போலும்.

முந்தின வைகாசியில், மாயவரத்துக்குப் பக்கத்தில் ஒரு ஊரில், ஒரு வீட்டுக் கல்யாணத்துக்குச் சமைக்கப் போயிருக்கிறார். பெண்ணின் அத்தை, வீட்டுக்காரரின் தங்கை, முப்பத்து நாலு வயதாகியும் கட்டிக் கொடுக்கப்படாதவள். அப்பளம் இட்டு விற்று அந்த வீட்டுக்குச் சம்பாதித்துக் கொடுக்கிறவள். அண்ணன் அவளைக் கட்டிக் கொடுக்காததற்குக் காரணம் அதுவாக இருக்கலாம் என்பது இவர் அனுமானம். மூன்று நாள் அவள்தான் கோட்டையடுப்புக்குப் பக்கத்தில் நின்று சாமான் எடுத்துக் கொடுத்தாள். நாலாம் நாள் இவர் கரண்டிகளைக் கட்டிக்கொண்டு கிளம்பியபோது, 'ரசத்துல உப்பு ஒரு கல்லு கூட இருந்துச்சு' என்றாளாம். 'யாருமே கண்டுபிடிக்கல தம்பி. அவ கண்டுபிடிச்சா' என்று சொல்லிவிட்டுப் பேசாமல் இருந்தார். கடிதத்தில் என்ன எழுத வேண்டும் என்று கேட்டேன். 'அதான் சொன்னேனே' என்றார்.

அவர் சொன்னதை நான் எழுதவில்லை. உப்புக்கல்லை வைத்துக்கொண்டு காதல் கடிதம் எப்படி எழுதுவது? உன் நினைவு என்னும் நதியில் என் நாட்கள் ஓடமாக மிதக்கின்றன என்று ஆரம்பித்தேன். வாசித்துக் காட்டினேன். 'நல்லாருக்கு' என்றார், அடுத்த வீட்டுக் குழந்தையை நல்லாயிருக்கு என்று சொல்கிற தொனியில். எதிர்வீட்டு ஆச்சி பெயருக்கு அனுப்பினால் அவள் கைக்குப் போய்ச் சேரும் என்று விலாசம் சொன்னார்.

பதினைந்து நாளில் பதில் வந்தது. மூன்றாம் வகுப்போடு நின்ற எழுத்து. பெரிய பெரிய எழுத்து, புள்ளிகளே கிடையாது. புள்ளி இல்லாத ஓலையைப் படிக்கிற மாதிரி நாமே வைத்துக்கொண்டு படிக்க வேண்டும். நதி ஓடம் என்றெல்லாம் எழுதியிருக்கிறீர்கள், எனக்குப் பாதி விளங்கவில்லை, ஆடியில் வேலை இருக்காதே, சாப்பாட்டுக்கு என்ன செய்கிறீர்கள் என்று கேட்டிருந்தாள். அவர் அதை நாலு தடவை படித்தார். எனக்கு ஏமாற்றமாக இருந்தது. ரசனை போதாது என்று தீர்மானித்து, அடுத்த கடிதத்தில் நதியைக் குறைத்து நிலவைச் சேர்த்தேன்.

ஐப்பசியில் வந்த கடிதத்தில் அவள் நேராக விஷயத்துக்கு வந்தாள். இது உங்கள் கையெழுத்து இல்லை என்று எழுதியிருந்தாள். அந்தக் கல்யாணத்துக்கு இவர் எழுதிக் கொடுத்த சாமான் லிஸ்ட் இன்னும் அவர்கள் வீட்டுக் கம்பியில் குத்திக் கிடக்கிறதாம். அதில் துவரம்பருப்புக்கு இவர் போட்டிருக்கும் 'து' வேறு, கடிதத்தில் இருக்கும் 'து' வேறு. தவசிப்பிள்ளை விழுந்து விழுந்து சிரித்தார். 'பலே ஆளு தம்பி' என்றார். பிறகு கொஞ்சம் யோசித்து, 'அப்ப நானே எழுதிப் பார்க்கட்டுமா?' என்று கேட்டார். அந்த இடத்தில் நான் 'எழுதுங்க அண்ணே' என்று சொல்லியிருக்க வேண்டும். நான் பேனாவைக் கீழே வைக்கவில்லை. அவரே, 'வேணாம். என் கைக்குப் பருப்பு புளிதான் வரும். நீயே எழுது' என்று விட்டுக்கொடுத்துவிட்டார்.

இங்கே கொஞ்சம் நின்று ஒரு விஷயத்தைப் பேசியாக வேண்டும். அந்த நாட்களில் எனக்கு இது தவறாகவே படவில்லை. நம் மரபே இதற்குச் சாட்சி என்று நினைத்தேன். அகப்பாட்டு என்பது என்ன? ஒருவன் இன்னொருத்தியின் வாயாகிப் பேசுவது. தலைவியின் ஏக்கத்தைப் பாடியவர்களில் பெரும்பாலோர் ஆண்கள். யாருடைய பெயரையும் சுட்டிச் சொல்லக்கூடாது என்பது தொல்காப்பியத்தின் விதி. தலைவனுக்கும் தலைவிக்கும் இடையே போய் வருகிறவர்களை அதே நூல் பட்டியல் போடுகிறது. தோழி, தாய், பார்ப்பான், பாங்கன், பாணன், பாடினி, இளையர், விருந்தினர், கூத்தர், விறலியர், அறிவர், கண்டோர். பன்னிரண்டு பேர். இவர்களுக்குப் பொதுப்பெயர் வாயில்கள். பதின்மூன்றாவதாகத் தபாலாபீஸ் திண்ணையில் உட்கார்ந்திருப்பவனையும் சேர்த்துக்கொள்ளலாம் என்று ஒரு நண்பனுக்கு எழுதியதாக ஞாபகம்.

ஊரிலேயே வேறு சாட்சிகளும் இருந்தன. மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை (1815-1876) திருவிடைமருதூர் மேல் ஒரு உலா பாடியிருக்கிறார். உலாவின் இலக்கணப்படி பேதை முதல் பேரிளம்பெண் வரை ஏழு பருவத்துப் பெண்கள் பவனி வரும் தலைவனைக் கண்டு மயங்க வேண்டும். ஒரு புலவர், ஏழு வயதுப் பெண்களின் காதல். முப்பத்திரண்டு முதல் நாற்பது வரை பேரிளம்பெண் என்பது அந்தக் கணக்கு. அப்பளம் இடுகிறவளை நான் அந்தக் கணக்கில்தான் வைத்துப் பார்த்தேன்.

மகாலிங்கசுவாமி கோயிலின் பாவை விளக்கு இன்னும் நெருக்கமான சாட்சி. தஞ்சை மராட்டிய அரச குடும்பத்துப் பெண் ஒருத்தி, அம்மணி என்று பெயர், மாமன் மகன் பிரதாபசிம்மனை மணக்க ஆசைப்பட்டு லட்ச தீபம் ஏற்றுவதாக வேண்டிக்கொண்டாள். எண்ணியது முடிந்ததும், லட்சம் விளக்கோடு தானும் ஒரு விளக்காகக் கையில் அகலை ஏந்தி நின்றுவிட்டாள். 1853ஆம் வருஷம். தஞ்சாவூர் ராஜ்யமே இல்லாமல் போவதற்கு இரண்டு வருஷம் முன்பு. இந்தச் சேதியைச் சொல்வது பீடத்தில் பொறித்திருக்கிற தமிழ் வாசகம். மராட்டியக் குடும்பத்துப் பெண்ணின் ஆசைக்குத் தமிழில் வாசகம் அமைத்துக் கொடுத்தவர் ஒருவர் இருந்திருக்க வேண்டும். அவரை என் தொழிலின் முன்னோடி என்று கருதினேன். இன்று யோசித்தால் ஒரு வித்தியாசம் தெரிகிறது. அந்த வாசகம் அவள் யார், என்ன வேண்டிக்கொண்டாள், என்ன செய்தாள் என்பதை மட்டும் சொல்கிறது. மற்றதையெல்லாம் பொம்மை சொல்கிறது, பேசாமல் நின்று. எழுதியவர் குறுக்கே வரவில்லை.

மேல்நாட்டிலும் உதாரணங்கள் உண்டு. இங்கிலீஷ் நாவலின் பிதாக்களில் ஒருவரான சாமுவேல் ரிச்சர்ட்சன், பதின்மூன்று வயதுப் பையனாக இருந்தபோது மூன்று இளம்பெண்களுக்கு அவர்களுடைய காதல் கடிதங்களுக்குப் பதில் எழுதிக் கொடுத்திருக்கிறார், ஒருத்திக்குத் தெரியாமல் இன்னொருத்திக்கு. கண்டித்து எழுது என்று சொல்கிறவளின் மனம் அந்த க்ஷணத்திலேயே நெகிழ்ந்து கிடப்பதைப் பார்த்திருப்பதாகப் பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார். 1740ல் வெளியான அவருடைய 'பாமெலா' கடிதங்களாலேயே ஆன நாவல். எழுத்தறியாதவர்களுக்கு மாதிரிக் கடிதங்கள் எழுதித் தொகுக்கிற வேலையின் நடுவே பிறந்தது. ராஸ்டாண்டின் 'சிரானோ' (1897) நாடகம் நமக்குத் தெரிந்ததே. மார்க்வெஸ் 1985ல் எழுதிய காலரா காலத்துக் காதல் நாவலில் ஃப்ளோரெண்டினோ அரிஸா ஒரே ஜோடிக்கு இரண்டு பக்கத்துக் கடிதங்களையும் எழுதிக்கொண்டிருப்பான். இவற்றையெல்லாம் பின்னால் படித்தேன். ஒவ்வொன்றிலும் எழுதிக் கொடுக்கிறவன்தான் கதாநாயகன். எழுதச் சொல்கிறவன் பேச்சு வராதவன், பாவம், அல்லது அசடு. எழுத்தாளர்கள் எழுதிய கதைகள் வேறு எப்படி இருக்கும்?

மார்கழிக் கடைசியில் அவளிடமிருந்து கடிதம். தைப்பூசத்துக்கு அண்ணன் வீட்டில் திருவிடைமருதூர் வருவதாகப் பேச்சு இருக்கிறது, வரலாமா என்று கேட்டிருந்தாள். திருவிடைமருதூரில் பூசம் பெரிய உற்சவம். பத்து நாள். சுவாமி காவிரிக்குத் தீர்த்தவாரிக்குப் போவார். சுற்றுப்பட்டு ஜனம் முழுக்க வரும்.

தவசிப்பிள்ளைக்குத் தை பிறந்தால் மூச்சு விட நேரம் கிடையாது. கடிதத்தை என்னிடம் கொடுத்தபோது பஸ் ஸ்டாண்டில் நின்றுகொண்டிருந்தார். நன்னிலம் பக்கம் ஒரு கல்யாணம், பூசத்தை ஒட்டித்தான் முகூர்த்தம். கண்டக்டர் விசில் ஊதியாகிவிட்டது. 'அண்ணன்காரன்கிட்டப் பேசணும், யாரை வச்சுப் பேசறதுன்னு தெரியல. பார்க்கலாம்னு எழுது தம்பி. பார்க்கலாம்' என்று சொல்லிக்கொண்டே ஏறினார்.

பார்க்கலாம். இந்தச் சொல்லை நான் எத்தனையோ தடவை எண்ணிப் பார்த்திருக்கிறேன். சந்திக்கலாம் என்றும் அர்த்தம். ஆகட்டும், யோசிக்கலாம் என்றும் அர்த்தம். தட்டிக் கழிக்கிறவர்களும் சொல்வார்கள், ஆசையை வெளியே காட்டப் பயந்தவர்களும் சொல்வார்கள். அவர் இத்தனையையும் சேர்த்துத்தான் சொன்னார். ஒரு சொல் இரண்டு அர்த்தத்தைத் தாங்கி நிற்பதுதான் கவிதை என்று அந்த வருஷம் நான் ஒரு கட்டுரைகூட எழுதியிருந்தேன். அப்படி ஒரு சொல் கண்ணெதிரே கிடைத்தபோது எனக்கு அது கோழைத்தனமாகப் பட்டது. எடுத்து எறிந்துவிட்டு, பூசத்தன்று கிழக்குக் கோபுர வாசலில் காத்திருப்பேன், உன் அண்ணனோடு அன்றைக்கே பேசிவிடுகிறேன் என்று எழுதினேன். அவருக்குத் தைரியம் கொடுப்பதாக எண்ணம். வாசித்துக் காட்ட அவர் ஊரில் இல்லை. ஒட்டிப் பெட்டியில் போட்டேன்.

அவர் திரும்பி வந்ததும் சொல்லிவிடலாம், பூசத்துக்கு வரச்செய்துவிடலாம் என்று இருந்தேன். ஒரு கல்யாணத்திலிருந்து நேரே இன்னொரு கல்யாணத்துக்குப் போய்விட்டார். ஊருக்கு வரவேயில்லை.

1975 தைப்பூசம். காலை எட்டு மணிக்கே கிழக்குச் சன்னிதியில் போய் நின்றேன். அவளை நான் பார்த்தது கிடையாது. ஆனாலும் சிரமம் இருக்கவில்லை. வருகிறவர்கள் எல்லாரும் கோபுரத்தைப் பார்த்துக்கொண்டு உள்ளே போக, தெருவைப் பார்த்துக்கொண்டு நின்றவள் அவள் ஒருத்திதான். அரக்கு நிறப் புடவை. கையில் துணிப்பை. துணைக்குப் பத்து வயதுப் பையன் ஒருவன், அண்ணன் பிள்ளையாக இருக்கும். அவன் பலூன்காரனிடம் போவதும் வருவதுமாக இருந்தான். ஒவ்வொரு தடவையும் அவனை இழுத்துப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டாள். அண்ணனும் மற்றவர்களும் காவிரிக்குப் போயிருப்பார்கள். தீர்த்தவாரி முடிந்து ஈரத்துணியோடு ஜனம் திரும்பியது. அவள் நின்ற இடத்திலேயே நின்றாள். தூண் நிழல் அவள் காலடியிலிருந்து நகர்ந்து போய்விட்டது.

நான் முப்பதடி தூரத்தில் ஒரு கடைக்குப் பக்கத்தில் நின்றிருந்தேன். போய், 'அவர் வரமாட்டார், தப்பு என்னுடையது' என்று சொன்னால் போதும். ஆறு மாதமாக அவளுக்கு நதியும் நிலவும் எழுதியவனுக்கு இந்த ஒரு வாக்கியம் வாயில் வரவில்லை. இது என் சொந்த வாக்கியமாக இருந்தது, அதுதான் காரணம் என்று இப்போது நினைக்கிறேன்.

இரண்டு மணிக்கு மேல் அவள் பையனைக் கையில் பிடித்துக்கொண்டு உள்ளே போனாள். வெளியே வரும்போது கட்டாயம் போய்ச் சொல்லிவிடுவது என்று தீர்மானித்து, அங்கேயே காத்திருந்தேன். நாலு மணி ஆயிற்று, அவள் வரவில்லை. பிறகுதான் உறைத்தது. இந்தக் கோயிலில் கிழக்கு வாசல் வழியாகப் போகிறவர்கள் அதே வழியாகத் திரும்புவதில்லை. வரகுண பாண்டியன் தன்னைப் பிடித்திருந்த பிரம்மஹத்தியோடு கிழக்கு வாசலில் நுழைந்தான், அது வெளியே தங்கிவிட்டது, அவன் மேற்கு வழியாகப் போய்ப் பிழைத்துக்கொண்டான் என்பது தலபுராணம். அவன் திரும்பி வருவான் என்று பிரம்மஹத்தி இன்னும் அந்த வாசலில் உட்கார்ந்திருக்கிறது. பிறந்ததிலிருந்து கேட்ட கதை. அன்றைக்கு அந்த இரண்டு மணி நேரமும் எனக்கு அது ஞாபகத்துக்கு வரவில்லை.

பத்து நாள் கழித்து வந்தது இன்லண்டு அல்ல, கார்டு. யார் வேண்டுமானாலும் படிக்கலாம் என்று எழுதியது. பூசத்துக்கு வந்தேன், தரிசனம் ஆயிற்று, நீங்கள் வரவில்லை. வருகிறேன் என்று எழுதியது நீங்கள் இல்லை என்று எனக்குத் தெரியும், இருந்தாலும் வந்தேன். எழுதிக் கொடுக்கிறவர் சின்ன வயசாக இருப்பார், அவரைக் கோபிக்க வேண்டாம். இனிமேல் உங்களுக்குத் தெரிந்ததை எழுதவும். இவ்வளவுதான். இதிலும் புள்ளி இல்லை.

தவசிப்பிள்ளை கார்டைக் கையில் வைத்துக்கொண்டு திண்ணைக்கு வந்தார். நடந்ததைச் சொன்னேன். கத்துவார் என்று எதிர்பார்த்தேன், கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். 'பார்க்கலாம்னுதானே தம்பி சொன்னேன்' என்றார். உள்ளே போய் ஒரு இன்லண்டு வாங்கிக்கொண்டு வந்து, திண்ணையின் மறுகோடியில், எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தார். காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்து எழுதினார். ஒரு மணி நேரம் ஆயிற்று. வரிகள் சின்னச் சின்னதாக, ஒன்றின் கீழ் ஒன்றாக இறங்குவது தூரத்திலிருந்தே தெரிந்தது. லிஸ்ட் எழுதுகிற பழக்கம். என்ன எழுதினார் என்று எனக்குத் தெரியாது. என் பசை டப்பாவைக் கேட்டு வாங்கி ஒட்டிவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். அதற்கப்புறம் அவர் என்னிடம் வரவில்லை. தபாலாபீஸுக்கு வருவார், வாங்குவார், எழுதுவார், போடுவார். பார்த்தால் தலையை ஆட்டுவார்.

கோர்ட் வாசல் பெரியவர் ஒரு நாள் 'வாசிச்சுக் காட்டினியா?' என்று மட்டும் கேட்டார். இல்லை என்றேன். அவர் கேட்டுக்கொண்டிருந்த மனுவுக்குத் திரும்பிவிட்டார்.

நான் திண்ணையை விட்டேன். அந்த வருஷமே என் கவிதை ஒன்று முதல்முதலாக அச்சில் வந்தது. ஏழு வரி. அனுப்புவதற்கு முன் அதிலிருந்து அடித்துப் போட்டது இருபது வரி இருக்கும். சிக்கனம், இறுக்கம் என்று அதைப் பற்றி எழுதினார்கள். சிக்கனம் எனக்கு எங்கிருந்து வந்தது என்பதை இப்போதுதான் சொல்கிறேன். அகப்பாட்டைப் பற்றியும் என் எண்ணம் மாறியது. அந்தப் புலவன் தலைவியின் வாயாகப் பேசினான், உண்மைதான். ஆனால் அவன் எந்தத் தலைவிக்கும் எழுதிக் கொடுத்துத் தபாலில் போடவில்லை. பெயர் சுட்டக்கூடாது என்ற விதியின் நியாயம் எனக்கு அப்போதுதான் புரிந்தது. பெயர் இருந்தால் எதிரே ஒருத்தி வந்து நிற்பாள்.

அவர் அடுத்த வருஷம் மாயவரம் பக்கம் குடிபோய்விட்டதாகச் சொன்னார்கள். கூட யார் என்று நான் கேட்கவில்லை. 1979ல் உறவினர் வீட்டுக் கல்யாணம் ஒன்றில், சமையல் யார் என்று விசாரித்தபோது அவர் பெயரைச் சொன்னார்கள். உள்ளே போய்ப் பார்க்கத் தைரியம் வரவில்லை. பந்தியில் அப்பளம் வெகு நன்றாக இருந்தது. அதை வைத்து எதையும் முடிவு கட்ட முடியாது.

இதையெல்லாம் இப்போது கிளறியது என் தங்கை பேரன். சோழிங்கநல்லூரில் கம்ப்யூட்டர் உத்தியோகம், தனி அறை, இருபத்தெட்டு வயது. கல்யாணத்துக்கென்றும் சிநேகத்துக்கென்றும் செல்போனில் இருக்கிற இடங்களில் பெண்களுக்குச் சேதி அனுப்புகிறான். எழுதுவது அவன் இல்லை. 2022ன் கடைசியில் வந்ததே, கேட்டால் எதையும் எழுதித் தருகிற இயந்திரம், அது எழுதிக் கொடுக்கிறது. பதில் எழுதுகிற பெண்களில் சிலரும் அதனிடம்தான் எழுதி வாங்குகிறார்கள் என்று அவனே சொல்கிறான். மார்க்வெஸின் ஃப்ளோரெண்டினோவுக்கு இத்தனை ஜோடிகள் கிடைக்கவில்லை. பொங்கலுக்கு வந்திருந்தபோது, 'தாத்தா, தமிழ் சரியா இருக்கான்னு பாருங்க' என்று நீட்டினான். தமிழ் சரியாகத்தான் இருந்தது. நதி இருந்தது. ஓடம் இருந்தது.

இயந்திரத்தின் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. அது என்னைப் போலத்தான் செய்கிறது. கேட்டவருக்கு இல்லாத பாஷையைக் கொடுக்கிறது. பையனைப் பார்க்கத்தான் சங்கடமாக இருந்தது. திண்ணைக்கு வந்தவர்களின் முகத்தில் இருந்த அதே கூச்சம். எம்.எஸ்ஸி. படித்தவன், அவனுக்கும் தன் பேச்சு போதாது.

'நீ இன்னிக்கு என்ன பண்ணினே?' என்று கேட்டேன். காலையில் பாட்டியோடு ஆடுதுறைச் சந்தைக்குப் போனதையும், மஞ்சள் கொத்து விலை கேட்டதையும், கரும்பை சைக்கிளில் கட்ட முடியாமல் தோளில் சுமந்து வந்ததையும் சொன்னான். சொல்லும்போது சிரித்தான். 'அதை எழுதேன்' என்றேன்.

'இதை எழுதினா யாரு தாத்தா பதில் போடுவா?' என்றான்.

போனைத் திருப்பிக் கொடுத்தேன். பதில் போடுகிற ஒருத்தியை எனக்குத் தெரியும். அவள் பெயரைச் சொல்ல எனக்கு உரிமை இல்லை.